பில் இருந்தா போதுமா மச்சி?

"பில் இருக்குடா, அப்புறம் என்ன?"

செகண்ட் ஹேண்டில் எதை வாங்கினாலும் நம்ம பசங்க வாயிலிருந்து வருகிற ஒரே பதில் இது. மொபைல், கேமரா லென்ஸ், சைக்கிள், ஏர் கன்னில் மாட்டுகிற தொலைநோக்கி வரைக்கும் இதே வசனம்தான். கால் விலைக்குக் கிடைத்ததை ஏதோ யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கின மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். யாருடைய பொருள், எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "நீ என்ன போலீஸா?" என்று எதிர்க்கேள்வி வேறு.

போலீஸ் இல்லை சாமி. பி.காம். படிக்கிறவன். அதனால்தான் கேட்கிறேன்.

1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 27. பரீட்சைக்கு எல்லோரும் உருப்போட்டதுதான். தன்னிடம் இல்லாத உரிமையை எவனும் இன்னொருவனுக்கு விற்க முடியாது. திருட்டுப் பொருளை நீ காசு கொடுத்து, நல்ல மனசோடு, பில்லோடு வாங்கினாலும் அது உன்னுடையது ஆகாது. சொந்தக்காரன் வந்தால் கொடுத்துவிட வேண்டியதுதான். விற்றவனைத் தேடிப்பிடித்துப் பணத்தைத் திரும்பக் கேட்பது உன் தலையெழுத்து.

(பிரெஞ்சு சிவில் சட்டத்தில் கதை கொஞ்சம் வேறே. அசையும் பொருளை நல்லெண்ணத்தோடு கையில் வைத்திருப்பதே அங்கே உரிமைக்குச் சமம். திருட்டுப் பொருள் என்றால் சொந்தக்காரருக்கு 3 வருட அவகாசம். அதுவும் சந்தையில் வாங்கியதாக இருந்தால், நீ கொடுத்த விலையை உனக்குத் தந்துவிட்டுத்தான் அவர் எடுத்துப் போக முடியும். சண்டே மார்க்கெட் ரசிகர்களுக்கு அல்வா மாதிரி சட்டம்! என்ன செய்ய, 1954-லேயே வெள்ளைக்காரன் மூட்டை கட்டிவிட்டான். :) )

இது சிவில் பக்கம். கிரிமினல் பக்கம் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்கினால் 3 வருடம் வரை சிறை. "நம்பக் காரணம்" என்கிற அந்த ரெண்டு வார்த்தையைக் கவனியுங்கள். நாற்பதாயிரம் ரூபாய் லென்ஸை ஒருத்தன் எட்டாயிரத்துக்கு நீட்டினால், அந்த விலையே ஒரு காரணம் இல்லையா?

சரி, பில்லுக்கு வருவோம். பில் மேல் நமக்கு இருக்கிற பக்திக்கு நம்ம ஊரிலேயே மருந்து இருக்கிறது. செயிண்ட் லூயி வீதியில், பீச் ரோட்டுக்குப் பக்கத்திலேயே, 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே தினமும் கடந்து போகிறோம். உள்ளே தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் எடுத்து வைத்த புகைப்படங்கள் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன.

2008-ல் கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஒரு சோழர் கால நடராஜரை வாங்கியது. விற்றது சுபாஷ் கபூர், நியூயார்க் வியாபாரி. விலை சுமார் 50 லட்சம் டாலர். சும்மா வாங்கவில்லை. பேப்பர் எல்லாம் கேட்டார்கள், எல்லாம் வந்தது. சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970 வாக்கில் டெல்லியில் வாங்கியது என்று ஒரு பூர்வீகக் கதையும் வந்தது. திருட்டுக் கலைப்பொருள் பட்டியலிலும் தேடிப் பார்த்தார்கள். அதில் இல்லை.

எப்படி இருக்கும்? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து அந்தச் சிலை திருடு போனது 2006-ல். பாழடைந்து பூட்டிக் கிடந்த கோயில். போனது ஊருக்கே தெரியவில்லை, யாரும் புகார் கொடுக்கவில்லை. "பட்டியலில் இல்லை" என்றால் யாரும் இன்னும் தேடவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அதே நடராஜர் 1994-ல் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள்ளேயே நிற்கிற படம் செயிண்ட் லூயி வீதியில் இருந்தது. 1970-ல் டெல்லியில் விலைபோன சாமி 1994-ல் கோயிலில் எப்படி?

விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர் கதையும் இதேதான். சிட்னியில் இருக்கும் கலைக்கூடம் 2004-ல் அதே ஆளிடம் வாங்கியது. கையில் 1970 தேதியிட்ட டெல்லிக் கடை ரசீது. 1974-ல் எடுத்த படத்திலோ சிலை கோயிலில். ஏன் எல்லா ரசீதும் 1970-லேயே நிற்கிறது? கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த வருடம் அது. நம்ம தொல்பொருள் சட்டம் 1972. அதற்கு முன்னால் வெளியே போனதாகக் காட்டினால் கேள்வி குறையும். காகிதத்தில் தேதி போட எவ்வளவு நேரம் ஆகும்?

கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதாகி, 2022-ல் கும்பகோணம் நீதிமன்றத்தில் 10 வருட தண்டனை பெற்றார். இரண்டு சிலைகளையும் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். பிரிவு 27-க்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த டெக்ஸ்ட் புக்கிலும் நான் பார்க்கவில்லை.

"அது 50 லட்சம் டாலர்டா, நாங்க வாங்குறது 5,000 ரூபா சாமான்" என்பீர்கள். எனக்கு இது உதைக்கிறது. கான்பெராக்காரர்கள் அந்தப் படத்தைத் தேடியிருந்தால் பாண்டி வரைக்கும் வந்திருக்க வேண்டும். உனக்கு? மொபைலில் *#06# அடித்து வருகிற ஐஎம்இஐ எண்ணை சஞ்சார் சாத்தி தளத்தில் போட ரெண்டு நிமிஷம். அதற்கும் சோம்பல் என்றால் அது ஏமாளித்தனம் இல்லை, தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

அந்தத் தளமும் முழு உத்தரவாதம் இல்லை என்பது ஸ்ரீபுரந்தான் கதையிலேயே தெரிகிறது. தொலைத்தவன் புகார் கொடுத்திருந்தால்தான் மாட்டும். அதனால் விற்கிறவனால் தானே எழுதிவிட முடியாத ஒரு பதிலைக் கேட்க வேண்டும். பில் போட்ட கடைக்கே போன் பண்ணி, பில் நம்பரும் சீரியல் நம்பரும் சேர்கிறதா என்று விசாரிக்கலாம். பொருளில் சீரியல் நம்பர் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம். பைக் என்றால் ஆர்சி-யில் இருக்கிற பெயர்க்காரரையே நேரில் பார்க்கலாம். லென்ஸோ தொலைநோக்கியோ என்றால், அதைப் பயன்படுத்திய காலத்தில் எடுத்த பழைய படம் ஒன்று கேட்கலாம். மூணு வருஷம் வைத்திருந்தவனிடம் ஒரு படம்கூடவா இருக்காது?

சண்டே மார்க்கெட் வியாபாரிகளைத் திருடர் என்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பழசு வாங்காமல் நம்மில் பாதிப்பேர் காலேஜ் முடிக்கவே முடியாது, என்னையும் சேர்த்து. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கடை போடுகிற ஆள் இந்தக் கேள்விக்கெல்லாம் கோபப்படுவதில்லை. "அவசரம் மச்சி, இன்னிக்கே எடுத்துக்கோ, வேற ஒருத்தன் கேட்டுட்டு இருக்கான்" என்று பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்கிறவன்தான் கோபப்படுவான். அந்தக் கோபமும் ஒரு "நம்பக் காரணம்" தான்.