பாம்புக்கடியும் தலைவிதியும்

தென்னேரி ஏரிப் பாசனத்தில் விளைந்த சம்பா நெல், தை மாதத்தில் அறுவடைக்கு வருகின்றது. நெல் முற்றினால் எலி வரும். எலி வந்தால் அதைத் தின்னப் பாம்பு வரும். இதில் நாகதோஷமோ, பூர்வ ஜென்ம வினையோ கடுகளவும் கிடையாது. ஆயினும், அறுப்பில் குனிந்த ஓர் ஏழையைப் பாம்பு தீண்டிவிட்டால், இன்றைக்கும் நம்மவர் பலர் முதலில் தேடுவது மந்திரவாதியையே ஒழிய வைத்தியரையல்ல. ஆள் இறந்துபோனால் தலைவிதி என்று சொல்லி அழுதுவிட்டு, அடுத்த வயலை அறுக்கப் போய்விடுகிறார்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்திற்குச் சராசரி 58,000 பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். விதி என்பது உண்மையானால், அது வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களையே தேடிப் பிடிப்பானேன்? மிராசுதாரரையும் புரோகிதரையும் அவ்வளவாகத் தேடாததேன்? பிரமன் எழுதிய எழுத்து, காலில் பூட்ஸைக் கண்டால் அழிந்துபோய்விடுமா என்று கேட்கின்றோம்.

மந்திரத்தால் பிழைத்தவர்களைக் கண்ணாரக் கண்டோமே என்று சிலர் சொல்லக்கூடும். பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்புகூடச் சில வேளை கடித்தும் விஷத்தை இறக்குவதில்லை. அப்படிப்பட்ட கடிக்கு மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பான். பிழைத்தால் மந்திரத்தின் மகிமை. செத்தால் விதியின் வலிமை! நஷ்டமே இல்லாத இப்படிப்பட்ட வியாபாரம் உலகில் வேறு ஏது?

நிற்க, நம் நாட்டில் மக்களை அதிகமாகக் கொல்லுபவை நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே. இந்நான்கின் விஷத்தையும் முறிக்க ஊசி மருந்து இருக்கின்றது. குதிரையின் உடம்பில் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்து அதைச் செய்கிறார்கள். 1890-களில் பிரெஞ்சு தேசத்துக் கால்மெட் என்பவர் இவ்வழியைக் காட்டினார். இந்தியாவில் இதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கைக் கொடுத்து வந்திருப்பவர்கள், வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த இருளர்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட இருளன் கை பட்ட விஷமே எல்லா ஜாதியார் உயிரையும் காப்பாற்றுகிறது. புற்றுக்குப் பால் ஊற்றும் பக்தர்கள் இதுவரை கொடுத்த மருந்து ஒரு துளியாவது உண்டா?

ஆகவே தோழர்களே! பாம்பு கடித்தால் கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். பாம்பைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். மோதிரம், மெட்டி முதலியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கட்டு விரியன் இரவில் தூங்குகிறவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாது. ஆதலால் களத்தில் காவல் படுப்பவர் தரையில் படுக்கலாகாது. கட்டிலில் கொசுவலை கட்டிப் படுக்க வேண்டும்.

2024-ல் தமிழ்நாடு சர்க்கார், பாம்புக்கடி கேஸ்களை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. இது நல்ல காரியமே. ஆனால் கடித்த பிறகு எண்ணுவதைவிடக் கடிக்காமல் தடுப்பதல்லவா மேல்? அறுவடை முடிந்ததும் கிடா வெட்டிப் பொங்கலிடப் பணமிருக்கும் நிலக்காரர்கள், அறுவடைக்கு முன்பே ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸும், களத்திற்கு ஒரு விளக்கும் வாங்கிக் கொடுக்க முன்வருவார்களா? வராவிட்டால், அவற்றைக் கேட்டு வாங்கிய பிறகே கதிரில் அரிவாள் வைப்பது என்று கூலி ஆட்கள் ஒன்றுகூடி முடிவு செய்யவேண்டும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.