மேரி கோமைத் தெரியும், அனுஷாவைத் தெரியுமா?

லயத்துப் பிள்ளைகளிடம் ஜோன் சீனா யாரென்று கேட்டுப் பாருங்கள். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக் காட்டியே பதில் சொல்வார்கள். டான்சிங் ரோஸையும் தெரியும். 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ அமேசான் பிரைமில்தான் வந்தது. ஆனாலும் போனுக்குப் போன் கைமாறி நம்ம தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் நிஜமான ஒரு குத்துச்சண்டைப் போட்டியை டிவியில் முழுசாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நம்ம ஆட்களுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது என்று யாராவது சொன்னால் நாங்கள் ஏற்கமாட்டோம். ஒரு விளையாட்டு ஊருக்குப் பிடிப்பதற்கு முதலில் அது ஊரின் கண்ணில் பட வேண்டும்.

2015 மே 2, மேவெதர் – பாக்கியாவ் சண்டை. அமெரிக்காவில் அதை வீட்டில் பார்க்க ஏறத்தாழ 100 டொலர். அன்றைய கணக்கில் 13,000 ரூபாவுக்கு மேல். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, எல்லாக் கொடுப்பனவும் சேர்த்தே 620 ரூபாதான். அதே சண்டையை மெக்சிகோவில் டெலிவிசாவும் டிவி அஸ்டெகாவும் இலவசமாகக் காட்டின. பிலிப்பைன்ஸில் கொஞ்சம் தாமதமாக, நடுநடுவே விளம்பரத்தோடு, அதுவும் இலவசம்தான். அந்த இரண்டு நாட்டிலும் குத்துச்சண்டை இன்றைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? ஜப்பானில் 1966இல் ஹராடா – ஜோஃப்ரே சண்டையை புஜி டிவி காட்டியபோது பார்வையாளர் விகிதம் 63.7 சதவீதம். இன்று அதே நாட்டின் இனோவேயைப் பார்க்க பெரும்பாலும் இணைய ஒளிபரப்புச் சேவைகளைத்தான் நாட வேண்டும்.

இலவச டிவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 1950களில் அமெரிக்காவில் வாரத்தில் பல நாள் சண்டை வீட்டுக்கே வந்ததில், ஊர்ப்பக்கச் சின்னச் சின்ன அரங்குகள் காலியாகின. 1962இல் பென்னி பாரெட் நேரலையில் அடிவாங்கிச் சரிந்தார். பத்து நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகு இரண்டே வருடத்தில் ஏபிசி தன் வாராந்த ஒளிபரப்பை நிறுத்தியது. தலைக்கு ஆபத்தான விளையாட்டு என்பது உண்மைதான். ஆனால் மறைத்து வைப்பதால் ஆபத்து குறைவதில்லை. நடுவர் எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்வையாளனும் கற்றுக்கொள்வது பார்த்துத்தானே?

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். பொதுநலவாய விளையாட்டில் இலங்கையின் முதல் தங்கமே குத்துச்சண்டையில் கிடைத்ததுதான்: 1938, சிட்னி, பார்னி ஹென்ரிகஸ். பாடசாலைகளுக்கான ஸ்டப்ஸ் கேடயம் 1914இல் தொடங்கியது. 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் இலங்கைக் குத்துச்சண்டை வீரர்கள் மூன்று வெண்கலம் எடுத்தார்கள். அதில் ஒருவர் அனுஷா தில்ருக்ஷி கொடித்துவக்கு. அரையிறுதியில் அவர் தோற்றது மேரி கோமிடம். மேரி கோமை நமக்குத் தெரியும், படம் வந்தது. எதிரே நின்ற நம்ம நாட்டுப் பெண்ணைத் தெரியாது.

ரூபவாஹினியும் ஐ.டி.என்.னும் அரச நிறுவனங்கள். நேத்ராவும் வசந்தமும் அவற்றின் தமிழ் அலைவரிசைகள். அதாவது நம்ம வரிப்பணமும் அதில் இருக்கிறது. தேசியப் போட்டிகளின் இறுதிநாளையோ ஸ்டப்ஸ் கேடயத்தையோ தமிழ் வர்ணனையோடு அவை காட்டி நாங்கள் பார்த்ததில்லை. கோடிகள் கொட்டி உரிமை வாங்க வேண்டிய விஷயமில்லை இது. இரண்டு கமெரா, விஷயம் தெரிந்த ஒரு வர்ணனையாளர், ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும்.

கொழுந்துக் கூடை சுமந்து மலை ஏறுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மூச்சும் காலும் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. தலவாக்கலையில் ஒரு பிள்ளை கையுறை மாட்ட ஆசைப்பட வேண்டுமென்றால், தன்னைப் போல ஒருத்தி கையுறை மாட்டி நிற்பதை முதலில் அவள் பார்க்க வேண்டும். காசு கட்டாமல் பார்க்க வேண்டும்.