இந்தோனேசிய மொழிக்குக் கிடைத்த மரியாதை

பிள்ளைகளே, 2023 நவம்பர் 20ஆம் தேதி பாரிசில் கூடிய யுனெஸ்கோ பொது மாநாடு, இந்தோனேசிய மொழியைத் தன் பத்தாவது அலுவல் மொழியாக ஏற்றது. இந்த மொழி மலாயின் ஒரு வடிவம்தான்.

அந்நாட்டில் அதிகம் பேருக்குத் தாய்மொழி ஜாவா மொழி. பிறகு ஏன் மலாய்? துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பல தீவு வியாபாரிகள் பேசிப் பழகிய பொதுமொழி அது. (நம் 'கடை' அங்கே போய் 'கெடாய்' ஆகிவிட்டது!) மேலும், ஜாவா மொழியில் பெரியவருக்கு ஒரு சொல், சிறியவருக்கு ஒரு சொல் என்று படிகள் அதிகம், மலாயில் அந்தத் தொல்லை குறைவு. 1928இல் விடுதலை கேட்ட இளைஞர்கள் கூடி, இதையே நாட்டுக்குரிய பொதுமொழியாக உறுதி எடுத்தார்கள். ஜாவாக்காரர்களும் அடம்பிடிக்கவில்லை.

உங்கள் கையை விரித்து விரல்களை எண்ணுங்கள். ஐந்துக்கு மலாயில் 'லிமா'. பிலிப்பைன்சின் தகலாக் மொழியிலும் 'லிமா'. நியூசிலாந்தின் மவோரியில் 'ரிமா'. ஆப்பிரிக்கா பக்கத்திலுள்ள மடகாஸ்கரில் 'டிமி'. ஹவாயில் 'லிமா' என்றால் ஐந்து. கைக்கும் அதே சொல்தான்! கடல்களைத் தாண்டிப் பரவிய இந்தக் குடும்பத்துக்கு ஆஸ்திரோனேசிய மொழிகள் என்று பெயர்.

இந்தோனேசியாவில் மட்டும் 700க்கு மேற்பட்ட மொழிகள் உண்டு. அவற்றில் பல இந்தக் குடும்பத்தவை. பள்ளியில் இந்தோனேசிய மொழி படிக்கும் பிள்ளைகள் வீட்டிலும் அதையே பேசுகிறார்கள். பாட்டியின் மொழி பாட்டியோடு நின்றுவிடுகிறது. அப்படி அழியும் ஆபத்திலுள்ள மொழிகள் பலவற்றை அதே யுனெஸ்கோதான் பட்டியலிட்டிருக்கிறது.