தேர் ஓடும் வீதியில் ஆள் நடக்க இடமில்லை!

மயிலாப்பூரைப் பார்க்க வேண்டும் என்று தினமும் ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் வருகிறார். கொல்கத்தாக்காரர் வருகிறார். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வெள்ளைக்காரத் தம்பதிகள் வருகிறார்கள். ஏன், ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டிகளோடு வருகிறவர்களும் உண்டு. வரட்டும்! வந்து பார்க்க வேண்டிய இடம்தான்.

ஆனால் வந்தவர்களால் நின்று பார்க்க முடிகிறதா? கபாலீசுவரர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம் என்று தலையைத் தூக்கினால், முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறுகிறது. "ஓரமா போ சார்!" என்று ஒரு அதட்டல். சரி என்று ஓரத்துக்குப் போனால், அங்கே வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். அதற்கும் அப்பால் கடைக்காரரின் விளம்பரப் பலகை. இன்னும் எந்த ஓரத்துக்குப் போவது?

காலால் பார்க்கும் ஊர்

சில இடங்களைக் காரில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். மயிலை அப்படியல்ல. இது காலால் நடந்து பார்க்க வேண்டிய ஊர்.

1516-ல் போர்த்துகீசியர் கட்டிய லஸ் மாதா கோயிலில் ஆரம்பித்து, கச்சேரி ரோடு வழியாக, 1896-ல் இன்றைய வடிவம் பெற்ற சாந்தோம் தேவாலயம் வரை நடந்தால் சுமார் 2 கிலோமீட்டர். அந்த 2 கிலோமீட்டருக்குள், அதன் இருபுறத்து வீதிகளில், எத்தனை விஷயங்கள்! கபாலி கோயிலும் தெப்பக்குளமும், ஆதிகேசவப் பெருமாள் கோயிலும், சித்திரக்குளமும். பேயாழ்வார் பிறந்த இடம் என்று வைணவர்கள் வணங்குவது இங்கேதான். திருவள்ளுவருக்கு ஒரு கோயில் இருப்பதும் இங்கேதான். கச்சேரி ரோட்டிலேயே பள்ளிவாசல். கொஞ்சம் தெற்கே போனால் ராமகிருஷ்ண மடம்.

திருஞானசம்பந்தர் 7-ம் நூற்றாண்டில் பூம்பாவைக்காகப் பாடிய பதிகத்தில், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை வரிசையாக அடுக்குகிறார். விழாவும் கூட்டமும் இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இதோடு முடியவில்லை. டப்பா செட்டி கடையின் மருந்துச் சரக்கு வாசனை, காளத்தி கடை ரோஸ்மில்க், ஜன்னல் வழியே கை நீட்டி வாங்கும் பஜ்ஜி, தெற்கு மாடவீதியில் கீரைக்கட்டு, நவராத்திரி வந்தால் வடக்கு மாடவீதி முழுக்கக் கொலு பொம்மை. இதையெல்லாம் கார் கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்க முடியுமா? முகர முடியுமா?

பத்து நாள் முடிகிறதே!

"நெருக்கடியான இடம், வண்டியை நிறுத்த முடியாது, ஒண்ணும் செய்ய முடியாது" என்று கையை விரிப்பது அதிகாரிகளுக்கு வாடிக்கை.

முடியாதா? ஒவ்வொரு ஆண்டும் பங்குனியில் முடிகிறதே! பெருவிழா நடக்கும் நாட்களில் சாமி புறப்பாட்டுக்காகப் போலீசார் தடுப்பு வைக்கிறார்கள். தேரன்றும் அறுபத்துமூவர் அன்றும் மாடவீதிகளில் வண்டிக்கு வழியில்லை. லட்சக்கணக்கானவர்கள் நடந்தே வருகிறார்கள், நடந்தே போகிறார்கள். ஊர் கவிழ்ந்துவிட்டதா? வியாபாரம் படுத்துவிட்டதா? இல்லை. அன்றைக்குத்தான் மோர்ப்பந்தல் முதல் வளையல் கடை வரை எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம்.

சாமிக்காக ஒதுக்க முடிகிற வீதியை மனிதனுக்காக ஒதுக்க முடியாதா? பத்து நாள் ஓடுகிற ஏற்பாடு, தினமும் மாலையில் நான்கு மணி நேரம் ஓடாதா?

சென்னைக்கு இது புதுசும் இல்லை. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையோடு நடப்போர் வளாகம் திறக்கப்பட்டது. உட்கார இருக்கை போட்டார்கள். கடைகள் நிறைந்த அந்த வீதியிலேயே அது முடிந்தது என்றால், மாடவீதியில் ஏன் முடியாது?

கூடைக்காரியை விரட்டாதீர்கள்

நடைபாதை என்று பேச்செடுத்தாலே சிலருக்கு முதலில் கண்ணில் படுவது கீரைக்காரம்மாதான். "அவங்களைக் கிளப்பு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். இது அநியாயம்.

ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கு கூடைக்காரர்கள் உட்காரலாம். நான்கு குடும்பம் பிழைக்கும். கார் நின்றால் யார் பிழைக்கிறார்கள்? மேலும், வெளியூர்க்காரர் பார்க்க வருவதே அந்தப் பூக்கடையையும் வாழையிலைக் கட்டையும்தானே! அவர்களை விரட்டிவிட்டு எதைக் காட்டப் போகிறோம்?

2014-ம் ஆண்டு வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். சான்றிதழ் தர வேண்டும். விற்பனைக் குழு அமைத்து இடம் குறிக்க வேண்டும். அந்தக் குழுவில் 100-க்கு 40 பேராவது வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். சட்டப்படி கோடு போட்டுக் கொடுத்தால் கூடைக்காரர் கோட்டுக்குள் இருப்பார். நடப்பவர் நடைபாதையில் நடப்பார். சண்டை எதற்கு?

பெரிய கடைக்காரர்களுக்கும் பயம் உண்டு. "வண்டி வரலைன்னா யாருங்க வருவா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காரில் போகிறவர் கடையைக் கண்ணால் பார்ப்பார், போய்விடுவார். நடந்து போகிறவர்தான் நிற்பார், விலை கேட்பார், வாங்குவார். இது தலைமுறை தலைமுறையாகக் கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாததா?

திண்ணை இருக்கும்போதே...

இன்னொரு அவசரமும் இருக்கிறது. மாடவீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் தூண் வைத்த திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. ஒரு நாள் தகரம் அடைக்கிறார்கள். அடுத்த வருஷம் அங்கே அடுக்குமாடி நிற்கிறது. வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பழைய வீட்டைப் பராமரிக்கும் செலவு அவர் தலையில், பார்த்து ரசிப்பது ஊரார் என்றால் அவர் எத்தனை நாள் தாங்குவார்?

பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. அது அமலுக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டு! அதற்குள் எத்தனை திண்ணை போயிற்றோ? இனியாவது பட்டியல் போடுங்கள். பழைய வீட்டைக் காப்பாற்றுகிறவருக்கு வரியில் சலுகை கொடுங்கள். கால்நடையாக வருகிறவர் கண்ணுக்குப் பார்க்க ஏதாவது மிஞ்ச வேண்டாமா?

செய்ய வேண்டியது என்ன?

கோடிகளை அள்ளிக் கொட்டச் சொல்லவில்லை. கேட்பது கொஞ்சம்தான்.

பஸ் ஓடும் ராமகிருஷ்ண மடம் சாலையை விட்டுவிடலாம். வடக்கு, கிழக்கு, தெற்கு மாடவீதிகளில் மட்டும் மாலை 5 முதல் 9 வரை வண்டிகளை நிறுத்துங்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுங்கள். ஆம்புலன்சுக்கு எப்போதும் வழி விடுங்கள். நடக்க முடியாத வயதானவர்கள் கோயில் வாசல் வரை வர ஒன்றிரண்டு பேட்டரி வண்டி விடுங்கள்.

நடைபாதையில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்குத் தினமும் அபராதம் போடுங்கள். மாதத்தில் ஒரு நாள் போட்டோ பிடித்துவிட்டுப் போகிற வேலை வேண்டாம். தெருவுக்குத் தெரு அந்த இடத்தின் கதையை நான்கு வரியில் சொல்லும் பலகை வையுங்கள். பெண்கள் கூச்சமில்லாமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பிடம் கட்டுங்கள். காலையிலிருந்து சுற்றுகிறவர் எங்கே போவார் என்று யாராவது யோசித்ததுண்டா?

திருமயிலையில் பறக்கும் ரயில் நிலையம் 1997-லிருந்து இருக்கிறது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு தடங்கள் சந்திக்கும் இடமும் திருமயிலைதான். அந்த நிலையம் திறந்தால் பூமிக்கடியிலிருந்து ஜனங்கள் ஆற்று வெள்ளமாய் மேலே வருவார்கள். அத்தனை பேரும் நடந்து வருகிறவர்கள்! அன்றைக்கு அவர்களை எந்த ஓரத்தில் நிறுத்துவது என்று இப்போதே முடிவு செய்தாக வேண்டும். கூட்டம் வந்தபிறகு கமிட்டி போடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

மாநகராட்சியும் போக்குவரத்துப் போலீசும் ஒரே மேஜையில் உட்காரட்டும். கடைக்காரர்களையும் கூடைக்காரர்களையும் குடியிருப்போரையும் கூப்பிட்டு வைத்துப் பேசட்டும். முதலில் சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும் மூன்று மாதம் நடத்திப் பார்க்கட்டும். கல்லா நிறைந்ததா குறைந்ததா என்று கடைக்காரர்களே சொல்லட்டும். அதன்பிறகு முடிவெடுக்கலாம்.

தேர் ஓடுவதற்கென்று அகலமாக விட்ட வீதிகள் இவை. அதில் மனிதன் நடக்கக் கேட்பது சலுகை அல்ல, உரிமை. அடுத்த பங்குனிக்குள் தொடங்குவார்களா?