திரை வந்தது, பாடம் வந்ததா?

ஒரு பள்ளியின் பெருமையைக் கூறப் புகுவோர், காரமடையானாலும் கோவை நகரானாலும், இன்று முதலில் சுட்டுவது வகுப்பறைச் சுவரில் மாட்டிய மின்திரையைத்தான். கரும்பலகை போய்த் திரை வந்துவிட்டது. ஆகவே கல்வி எல்லாப் பிள்ளைகளையும் எட்டிவிட்டது என்பது அவர்தம் வாதம். இதைவிடப் பெரிய ஏமாற்று வேறில்லை என்பேன்.

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் காட்டும் திரை, வண்ணம் பூசிய கரும்பலகையே. உதட்டசைவைப் பார்த்துப் பொருள் கொள்ளும் செவிக்குறையுடைய சிறுமி, ஆசிரியர் திரையின் பக்கம் முகம் திருப்பிய கணமே பாடத்தை இழக்கிறாள். பேச்சு எழுத்தாகக் கீழே ஓடாவிட்டால் அவளுக்கு அது ஊமைப்படம். பார்வை மங்கிய சிறுவனுக்கோ அந்தப் பளபளப்பே பகை.

கருவியே வேண்டாம் என்பதன்று என் கட்சி. பிள்ளைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் கருவி வேண்டும். திரையிலுள்ள எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் 'என்விடிஏ' என்னும் மென்பொருள், பார்வையற்ற இரு ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கிய முயற்சி. அதற்கு விலையில்லை, தமிழையும் வாசிக்கும். ஆனால் அது வாசிக்கத்தக்க எழுத்தை நாம் தர வேண்டுமே! 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதன் பின்னும் பழைய எழுத்துருவில் வினாத்தாள் அடிப்பதும், அச்சுத்தாளைப் படம் பிடித்து அனுப்புவதும் ஒழிந்தபாடில்லை. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு. மென்பொருள் 'அம்மா'வை அம்மா என்று வாசியாது, பொருளற்ற ஆங்கில ஒலிகளை உதிர்க்கும். படமாயின் வாயே திறவாது. திரைக்குப் பெருந்தொகை கொட்டியவர்களுக்கு, செலவே இல்லாத இந்த ஒரு வேலை பாரமாகிவிட்டது!

எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையின் நிலை இன்னும் பரிதாபம். அது மந்தபுத்தியன்று, கற்றல் குறைபாடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் அதுவும் ஒன்று. சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறையுடைய பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையுண்டு. நம் வீடுகளிலோ, "படிப்பு ஏறவில்லை" என்று பத்து வயதிலேயே தீர்ப்பெழுதிக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) பொருட்டு அருளப்பட்ட 'அபஸ' அத்தியாயத்தை ஓதும் வீடுகள் இவை!

பாடத்தைக் காதால் கேட்டபடி கண்ணால் வரிகளைத் தொடர விட்டால் அப்பிள்ளைக்கு வழி திறக்கும். எந்தப் பிள்ளைக்கு எது உதவும் என்று திரைக்குத் தெரியாது. பயின்ற ஆசிரியருக்குத் தெரியும். அத்தகைய சிறப்பாசிரியர்களை உருவாக்கும் துறை, காரமடையிலிருந்து கோவை செல்லும் அதே சாலையில், பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தில் இருக்கிறது. திரைக்கு நன்கொடை தரும் நம் செல்வர்கள் ஓர் ஆசிரியரின் பயிற்சிக்குத் தரலாகாதா?

பெற்றோரே, அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது, வரும் தேர்வின் வினாத்தாள் ஒருங்குறியில் கிடைக்குமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள்.