கொல்லிமலைக்கு எதற்கு எட்டு ஆன்டெனா?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் செம்மேடு. அந்த பஸ்ஸில் யாரோ ஒருவர் மடியில் பத்திரமாக வைத்துக் கொண்டுவரும் ரவுட்டர் பெட்டியின் மேல் "1200 எம்பிபிஎஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மிளகு விற்ற காசு. பையன் கவுன்சலிங் சாய்ஸ் பதியணும், பொண்ணு ஆன்லைன் கிளாஸ் பார்க்கணும். கீழே நாமக்கல்லிலோ சேலத்திலோ கடைக்காரர் சொன்னது ஒரே வரிதான்: "மலைக்கா? அப்ப ஆன்டெனா நிறைய இருக்கறதா எடுத்துக்குங்க."

தப்பு மக்களே. சுத்தத் தப்பு.

அந்த 1200 எங்கிருந்து வந்தது? 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. கூட்டினால் 1167. மனசாட்சியே இல்லாமல் ரவுண்டு பண்ணி 1200! வீட்டில் இருக்கும் போன் ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றில்தான் ஒட்டிக்கொள்ளும். நாமக்கல் பஸ் 60-ல் போகுது, சேலம் பஸ் 60-ல் போகுது, ஆகவே எங்கள் சர்வீஸின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் என்று போர்டு மாட்டினால் சிரிக்க மாட்டோமா? இதில் இன்னொரு கூத்து, இந்த ரகத்தில் விலை குறைந்த பல மாடல்களில் பின்னால் கேபிள் செருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 1200 எந்த வழியாக உள்ளே வருமாம்?

அதைவிடப் பெரிய விஷயம், மலையில் பிரச்சினை வீட்டுக்குள் இல்லை. வீட்டுக்கு வெளியே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ரவுட்டர் என்பது அகப்பை. 2023 ஜனவரியில் மத்திய அரசு மாற்றிய இலக்கணப்படி குறைந்தது 2 எம்பிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட். பள்ளத்தாக்கில் தனியாக நிற்கும் ஓட்டு வீட்டில் அந்த 2-ஐ ஒழுங்காகப் பிடிப்பதே பெரும்பாடு என்றிருக்கும்போது தங்க அகப்பை எதற்கு?

ஃபைபர் கேபிள் வாசலுக்கு வராத வீட்டுக்குத் தேவை சிம் போடும் 4ஜி ரவுட்டர். ("போன் ஹாட்ஸ்பாட் போதாதா?" என்பவர்களுக்கு: அப்பா போனை எடுத்துக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குப் போனால் வீட்டு நெட்டும் கூடவே தோட்டத்துக்குப் போய்விடும்.) அதிலும் பார்க்க வேண்டியது பேண்ட் எண். பிஎஸ்என்எல் தன் 4ஜி-க்கு 700 மெகாஹெர்ட்ஸையும், அதாவது பேண்ட் 28-ஐயும், 2100-ஐயும் வைத்திருக்கிறது. ஜியோவுக்கு 850, 1800, 2300. அதிர்வெண் குறையக் குறைய அலை மேடு, மரம் எல்லாவற்றையும் தாண்டி வரும். 28 எடுக்காத மாடலை வாங்கினால் பிஎஸ்என்எல்லின் அந்த 700 வாசலில் வந்து நின்றாலும் உள்ளே சேர்க்காது. வெளி ஆன்டெனா மாட்டத் துளை இருந்தால் இன்னும் நல்லது. கூரை மேல் டவர் பக்கம் திருப்பி வைக்கிற ஒரே ஒரு ஆன்டெனா, வீட்டுக்குள் கொம்பு மாதிரி நிற்கும் எட்டை விட உருப்படியான வேலை செய்யும்.

அந்த எட்டு கொம்பு என்னதான் செய்கிறது? 2.4-ல் எத்தனை கொம்பு வைத்தாலும் 2005 விதிப்படி அனுமதித்த வீச்சு 4 வாட்தான். சரி, ரவுட்டர் உரக்கக் கத்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். போன் திருப்பிப் பதில் சொல்ல வேண்டாமா? அதன் குரல் சன்னம். பக்கத்துத் தோட்டத்தில் நிற்கும் போனில் சிக்னல் கோடு முழுசாகத் தெரியும், பேஜ் மட்டும் திறக்காது.

அப்புறம், "5 கிகாஹெர்ட்ஸ் கட்டாயம் வேணும்" என்ற அறிவுரை. அது அபார்ட்மென்ட்காரர்களுக்கு. 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. முப்பது வீட்டு ரவுட்டர் அந்த மூன்றில் முட்டி மோதும் சென்னையில் 5 தேவைதான். வீட்டுக்கு வீடு ஒரு பலாத்தோப்பு தள்ளி இருக்கிற வளப்பூர் நாட்டில் 2.4 காலியாகத்தான் கிடக்கும். சுவரைத் தாண்டிப் போவதும் அதுதான். நகரத்து விமர்சகர்கள் கேலி செய்யும் பழைய 2.4 இங்கே ராஜா (ஸ்மைலி போட்டுக்கொள்ளவும்).

மின்வெட்டு பற்றி எந்தப் பெட்டியிலும் எழுதுவதில்லை. 12 வோல்ட் ரவுட்டரா, அதற்கேற்ற சின்ன யுபிஎஸ் ஒன்று சேர்த்து வாங்குவது மூன்றாவது, நான்காவது ஆன்டெனாவுக்குத் தண்டம் அழுவதை விட மேல்.

காமர்ஸ் படிக்கிறவர்கள் "வாங்குபவனே, விழித்திரு" என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறார்கள். மலையிலிருந்து இறங்கி வந்து வாங்குகிறவர் எம்பிபிஎஸ் பாடமும் படித்து விழித்திருக்க வேண்டுமா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. கூட்டுத் தொகையை வேகம் என்று விற்பது வேறென்ன? பெட்டியின் முகப்பில் 300 என்றும் 867 என்றும் தனித்தனியே, போர்ட் 100 என்று அதே அளவு எழுத்தில், தமிழிலும் போடட்டும். எத்தனை பெட்டி விற்கிறது என்று பார்ப்போம்.

அதுவரைக்கும் கடையில் கேட்க வேண்டியது இரண்டுதான். "அண்ணே, இதுல சிம் போடலாமுங்களா? பேண்ட் 28 எடுக்குமுங்களா?" பதிலுக்கு அவர் ஆன்டெனாவை எண்ணிக் காட்ட ஆரம்பித்தால், பக்கத்துக் கடை திறந்துதான் இருக்கும்.