தன் கையே தனக்கு உதவி

மளிகைக் கடைக்குத் தராசு எவ்வளவு முக்கியமோ, சரக்கு சுமக்கும் மொபெட்டும் அவ்வளவு முக்கியம். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த நாள் முதல் சிறு வணிகரின் சுமையை இத்தகைய வண்டிகள்தாம் தாங்கி வருகின்றன. ஆனால் கல்லாப்பெட்டி மீது காட்டும் அக்கறையில் கால் பங்குகூட வண்டி மீது நாம் காட்டுவதில்லை.

விடியற்காலையில் மொத்தக் கடைகளுக்குச் சரக்கெடுக்க வரும் வண்டிகளைப் பார்த்தாலே இது விளங்கும். செயின் தொங்கும். பின் டயர் வழவழவென்று தேய்ந்திருக்கும். பிரேக் கடைசிவரை அழுத்தினால்தான் பிடிக்கும். அதன் மேல் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏறும். வண்டி வழியில் நின்றால் ஒரு நாள் வியாபாரம் போகும். பிரேக் பிடிக்காமல் போனால் வரும் நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இவற்றைச் சரிபார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். வண்டியோடு வந்த கையேடும் இரண்டு மூன்று ஸ்பேனர்களும் போதும். வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்று அளவைப் பார்க்க வேண்டும். செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். இன்ஜின் ஓடும்போது மட்டும் செயினில் கை வைக்கலாகாது, விரல் போய்விடும். ஏர் பில்டரில் தூசி அடைந்தால் பெட்ரோல் வீணாகும்.

பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் வண்டி. அதில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. இன்ஜினுக்குத் தனி ஆயில் உண்டு. அதன் அளவைப் பார்க்காமலே ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலியால் வெட்டும் கதைதான்.

கடைக்கும் இதே முறைதான். ஷட்டர் ஓடும் பள்ளத்தில் அடைந்த தூசியை எடுத்துக் கிரீஸ் தடவுவது, ஐப்பசி மழைக்கு முன் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் அடைப்பை நீக்குவது, குடோன் சுவரின் விரிசலைப் பூசுவது ஆகியவை நம் கையால் ஆகும் வேலைகள். ஓர் ஒழுக்கு ஒரு மூட்டைப் பருப்பைப் பூசணம் பிடிக்க வைத்துவிடும்.

அதே சமயம், எதில் கை வைக்கக் கூடாது என்பதையும் அறிய வேண்டும். ஷட்டரின் ஸ்பிரிங்கைக் கழற்றக் கூடாது. பியூஸ் போனால் கையில் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டுவது கடைக்கு நாமே தீ வைப்பதற்குச் சமம். 2020 முதல் வரும் பி.எஸ். 6 எக்ஸ்.எல். வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் தெளிக்கும் எலெக்ட்ரானிக் அமைப்பைத் திறந்து பார்ப்பது நம் வேலையல்ல. எலெக்ட்ரானிக் தராசையும் திறக்கலாகாது. 2009-ம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி, உரிமம் பெற்றவரே அதைப் பழுது பார்க்கலாம். முத்திரை உடைந்தால் அபராதம் மட்டுமல்ல, வாடிக்கையாளர் நம்பிக்கையும் போகும்.

'எல்லாவற்றையும் நாமே செய்தால் மெக்கானிக் பிழைப்பு என்ன ஆவது?' என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவரும் நம் கடையில் சாமான் வாங்குபவர்தான். துடைப்பதும் எண்ணெய் விடுவதும் அவர் பிழைப்பல்ல. தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றவும் இன்ஜினைப் பிரிக்கவும் அவரிடம்தான் போக வேண்டும். நோயின் குறி தெரிந்து போனால், அவருக்கும் வேலை எளிது, நமக்கும் வீண் செலவில்லை.

ஆகவே வணிகப் பெருமக்கள் வாரத்தில் அரை மணி நேரத்தை, மதியம் வியாபாரம் ஓய்ந்த வேளையிலாவது, இதற்கு ஒதுக்க வேண்டுகிறோம். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி ஸ்பேனரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கணக்கெழுதப் பழக்குவது போல இதையும் பழக்குவது நம் கடமை.